காலம் பிந்தி வந்த அன்னம்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகப் பெருவிழாவைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். பஞ்சரதங்கள் வீதியுலா வரும் நாளில் ஊதுகுழலும் பலூனும் பொம்மைக் காரும் கேட்ட விலைக்குப் போகும். தேர் இருப்பிடம் சேர்ந்த மறுநாள் அதே பொருளைப் பாதி விலைக்குக் கூவினாலும் திரும்பிப் பார்ப்பார் இலர். சரக்கில் மாற்றமில்லை, நாள்தான் வேறு. தேரடி வியாபாரி நன்குணர்ந்த இவ்வுண்மையை யப்பானிய விளையாட்டுப் பொருள் நிறுவனமாகிய பண்டாய் ஒரு முறையன்று, இரு முறை தவறவிட்டது.

கைத்தொலைபேசி பிள்ளைகளை ஆட்கொள்ளுமுன் அவர்களை ஆட்கொண்டிருந்தது கையடக்க விளையாட்டுக் கருவி. அத்துறையில் தனிப்பெரும் பெயர் குன்பெய் யோகோய். நின்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய இவர், புதிதாய்ப் பிறந்த விலையுயர்ந்த நுட்பத்தை நாடாது, பழகி மலிந்த நுட்பத்தையே புதுவழியில் பயன்படுத்தவேண்டும் என்ற கொள்கையுடையவர். 1989 ஏப்ரலில் வெளியான ‘கேம்பாய்’ அக்கொள்கையின் குழந்தை. அதன் திரையில் வண்ணமில்லை. அதே ஆண்டில் ‘லின்க்ஸ்’ என்ற கருவியும், மறு ஆண்டில் ‘கேம் கியர்’ என்பதும் வண்ணத்திரையுடன் போட்டிக்கு வந்தன. ஆனால் அவை ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே விழுங்கிவிடும். மின்கலத்துக்குக் காசு கொடுப்பவர் தந்தையல்லவா? வண்ணமற்ற கருவியே வென்றது.

1996இல் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். பண்டாய்க்காக மற்றொரு கருவியை உருவாக்கலானார். அது கடைக்கு வருவதைக் காண அவர் இருக்கவில்லை. 1997 ஒக்டோபர் 4ஆந் திகதி வீதி விபத்தொன்றில் உயிர் நீத்தார்.

அக்கருவி 1999 மார்ச் 4ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. பெயர் ‘வொண்டர்சுவான்’, அதாவது அதிசய அன்னம். விலை 4,800 யென். ஒரேயொரு சிறு மின்கலத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் இயங்கும். நெடுக்காகவும் கிடையாகவும் பிடித்து விளையாடலாம். குறை ஒன்றே: திரை கறுப்பு வெள்ளை.

பத்தாண்டுகளுக்கு முன் அது குறையன்று, வெற்றிக்கே காரணம். ஆனால் நான்கரை மாதம் முன்னதாக, 1998 ஒக்டோபர் 21இல், நின்டெண்டோ ‘கேம்பாய் கலர்’ என்பதை வெளியிட்டுவிட்டது. இரண்டே மின்கலங்களில் வண்ணம் காட்டியது அது. பழைய கேம்பாய்க் கசெட்டுகளும் அதில் இயங்கின. நம்மவர் சித்திரைப் புத்தாண்டில் கைவிசேஷம் வழங்குவதுபோல, யப்பானியப் பெரியோர் சனவரி முதல் நாளில் சிறுவர்க்குப் பணம் கொடுப்பது வழக்கம். அந்தப் பணம் கரைந்த பின்னர் மார்ச்சில் வந்து கடைவிரித்தது பண்டாய். நளனுக்காகத் தூது சென்ற அன்னம் சுயம்வரத்துக்கு முன்பே தமயந்தியிடம் சேர்ந்தது. இந்த அன்னமோ மாலை சூட்டிய பின் வந்திறங்கியது!

1998இன் நடுப்பகுதியிலேயே வந்திருந்தால்? கறுப்பு வெள்ளைக்கும் கறுப்பு வெள்ளைக்குமே போட்டி நிகழ்ந்திருக்கும். மலிவும் மின்கலச் சிக்கனமும் அன்னத்தின் பக்கம் நின்றிருக்கும். அப்போதும் நின்டெண்டோவிடம் 1996இல் பிறந்த ‘போக்கிமொன்’ என்னும் பெரும் படை இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. முழு வெற்றி கிட்டியிராது. ஆயினும் வலுவாகக் காலூன்றியிருக்கலாம்.

என் கருத்தில், இரண்டாவது பிழையே பெரிது. வண்ண அன்னம் 2000 டிசம்பர் 9ஆந் திகதிதான் வெளிவந்தது. இம்முறை புத்தாண்டுப் பணம் தப்பவில்லை. யப்பானியர் பெரிதும் விரும்பிய ‘பைனல் பேன்டசி’ விளையாட்டின் முதற் பாகமும் புதுமெருகுடன் அதே நாளில் வந்தது. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட்டிலேயே நின்டெண்டோ தன் அடுத்த கருவியான ‘கேம்பாய் அட்வான்ஸ்’ என்பதைக் காட்சிக்கு வைத்திருந்தது. 2001 மார்ச் 21இல் அது விற்பனைக்கும் வந்தது. மூன்று மாதம் பொறுத்தால் இதனினும் வலியது கிடைக்கும் என்றறிந்த பெற்றோர் எதற்கு அவசரப்படப் போகின்றனர்? வண்ணத்திரைகள் மலியட்டும் எனப் பண்டாய் காத்திருந்ததாக வாதிடலாம். போட்டியாளர் காத்திருக்கவில்லையே! 1999இலேயே வண்ணம் பூசியிருந்தால், ஈராண்டுக் காலமேனும் களம் கிடைத்திருக்கும்.

யப்பானுக்கு வெளியே அன்னம் பறக்கவேயில்லை. அதன் எல்லா வகைகளும் சேர்ந்து விற்றவை ஏறத்தாழ 35 இலட்சம். ‘அட்வான்ஸ்’ மட்டும் உலகெங்கும் 8 கோடிக்கு மேல். 2003இல் பண்டாய் அத்துறையை விட்டகன்றது. ‘பைனல் பேன்டசி’யின் முதலிரு பாகங்களும் மறு ஆண்டில் நின்டெண்டோவின் கருவிக்கே போய்ச் சேர்ந்தன.