எஞ்சின் களைத்துச் சுற்றுகிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

என் கணவர் 2009 இல் போரின் கடைசி மாதங்களில் இறந்தார். மீள்குடியேறி முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது என்னிடம் மூன்று பிள்ளைகளைத் தவிர எதுவும் இருக்கவில்லை. பின்னர் சீட்டுக் காசிலும் கடனிலும் வாங்கிய பழைய படகும், பற்றரியில் ஸ்ராட் ஆகும் 40 குதிரைவலு எஞ்சினும்தான் எங்கள் அடுப்பை எரிய வைக்கின்றன. தம்பி கடலுக்குப் போகிறான். கணக்கும் பராமரிப்பும் என் பொறுப்பு.

சென்ற பங்குனியில் ஒரு விடியற்காலை, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் களைத்துப்போய் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கயிறு சுற்றி இழுத்துத்தான் தம்பி புறப்பட்டான். அவன் திரும்பும்வரை நான் கரையை விட்டு அசையவில்லை. நடுக்கடலில் நின்றால் என்ன செய்வான்?

திருத்துபவர் வந்து பார்த்தார். "அக்கா, ஸ்ராட்டர் மோட்டர் பழுதாப் போச்சு. புதுசுதான் போட வேணும்" என்றார். அவர் சொன்ன விலை எங்கள் இரண்டு மாத உழைப்பு. காதில் கிடந்த தோட்டை அடகு வைக்க யோசித்தேன்.

"பிள்ளை, காசைக் குடுக்க முதல் மீற்றர் வைச்சுப் பார்" என்று பக்கத்து வீட்டு ஐயா தனது மல்ரிமீற்றரைத் தந்து, பார்க்கும் முறையையும் காட்டினார்.

கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சின் பற்றாதபடி அவசர நிறுத்தக் கயிற்றைக் கழற்றினோம். பற்றரி 12.6 வோல்ற் காட்டியது. அது நிறைந்த பற்றரி. தம்பி சாவியைத் திருப்பியபோதும் 10.5 இற்குக் கீழே இறங்கவில்லை. 9.6 இற்குக் கீழே விழுந்தால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது பற்றரி பழுது.

அடுத்து மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடலின் வெறும் உலோகத்திலும் வைத்தோம். சாவியைத் திருப்பும்போது அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. எங்களுக்கு 2 காட்டியது! மைனஸ் வயர் எஞ்சினில் பூட்டியிருந்த இடத்தைக் கழற்றினால், உள்ளே முழுவதும் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. மின்சாரம் ஸ்ராட்டருக்குச் சரியாகப் போய்ச் சேரவேயில்லை.

மண்கடதாசியால் செம்பு மினுங்கும்வரை தேய்த்தேன். பற்றரி முனையில் பூத்திருந்த வெள்ளையை அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவினேன். இறுக்கிப் பூட்டி, மேலே வசலின் பூசினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பழையபடி விறுவிறென்று சுற்றியது.

சகோதரிகளே, இவற்றை மறக்க வேண்டாம்:

• மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள்.
• பற்றரிக்கு அருகில் நெருப்புக்குச்சி, பீடி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.
• சோடாத் தண்ணீர் பற்றரிக்குள் போகக்கூடாது.
• சாவியைத் தொடர்ந்து 10 செக்கனுக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள். ஸ்ராட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

பற்றரியும் வயர்களும் சரியாக இருந்தும் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், ஸ்ராட்டரிலோ எஞ்சினுக்குள்ளோதான் கோளாறு. அப்போது திருத்துபவரைக் கூப்பிடுங்கள். ஆனால் நீங்கள் பார்த்ததை அவரிடம் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்.

பழைய ஸ்ராட்டர்தான் இன்றும் ஓடுகிறது. தோடும் காதில்தான் இருக்கிறது.