பழைய மோட்டார் ஹோம்: மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடலாமா?

தைப்பூசம் வந்துவிட்டால் தோட்டத்து லோரிக்குத் தார்ப்பாய் கட்டி, அண்டா, அடுப்பு, பாய், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் புறப்பட்ட காலத்தை, ஜொகூரில் இன்று அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வழியில் மரத்தடியில் நிறுத்திச் சமைத்து, அங்கேயே படுத்து எழுந்து போன பயணம் அது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த மோட்டார் ஹோம் என்ற நடமாடும் வீட்டைப் பார்க்கும்போது பலருக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை. பேரப்பிள்ளைகளோடு டெசாரு, மெர்சிங் கடற்கரைக்குப் போகலாம். அப்படியே வடக்கே ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை வரை போய் வரலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது.

மாசாயில் குடியிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர். 55 வயது நிறைந்துவிட்டது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுப் பழைய மோட்டார் ஹோம் ஒன்று எண்பதாயிரம் வெள்ளிக்கு விற்பனைக்கு வருகிறது. புதிதாக வாங்குவதென்றால் இதைப் போலப் பல மடங்கு ஆகும். மனைவிக்கு அரை மனம். மகனோ, "வேண்டாம்பா, அந்தக் காசை அப்படியே விட்டு வைங்க" என்கிறான். இவர் வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம் என்போர், புதிய வண்டி முதல் சில ஆண்டுகளிலேயே பெரும் மதிப்பை இழந்துவிடுகிறது, அந்த இழப்பை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி விலை மெதுவாகத்தான் இறங்கும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. வேண்டாம் என்போர் பட்டறைச் செலவைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் பணம் கொடுத்தால் சரியாகக்கூடியவை. பழைய மோட்டார் ஹோம் வாங்கியவரை உண்மையில் கவிழ்ப்பவை இரண்டு. ஒன்று தாள், மற்றொன்று தண்ணீர்.

கிராண்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மலேசியச் சந்தையில் கிடைக்கும் பழைய மோட்டார் ஹோம்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்தவை. சிறிய லோரியின் சேஸி மீது உள்நாட்டிலேயே கூடு கட்டியவை ஒரு வகை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வண்டியாக வந்தவை இரண்டாம் வகை. டோயோட்டா கேம்ரோட் சேஸி மீது கட்டப்பட்டவை இவற்றில் பேர் பெற்றவை. மூன்றாவது, டோயோட்டா ஹையேஸ், நிசான் அர்வான், வேனட் போன்ற வேன்களின் உள்ளே கட்டிலும் அலமாரியும் அடித்துச் செய்தவை. கோவிட் பெருந்தொற்றின்போது நாட்டின் எல்லைகள் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 11ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் செல்ல மீண்டும் அனுமதி கிடைத்தது. உள்நாட்டில் முகாமிடும் ஆர்வம் பெருகிய அந்தக் காலத்தில் இந்த மூன்றாம் வகையைப் பலர் ஆசையாகச் செய்தார்கள்.

ஆசையாகச் செய்தார்கள் என்பது சரி. சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ஒப்புதலோடு செய்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை வண்டியின் கிராண்ட்டில் இருக்கிறது. சன்னல் இல்லாத பேனல் வேன் சரக்கு வாகனமாகப் பதிவாவது. அதன் பின்புறத்தில் சோபா போட்டுப் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சட்டப்படி ஆள் ஏற்றும் வண்டியாகிவிடாது. கிராண்ட்டில் உள்ள உடல் வகை, இருக்கை எண்ணிக்கை, எஞ்சின் எண், சேஸி எண் நான்கும் எதிரே நிற்கும் வண்டியோடு பொருந்த வேண்டும். பொருந்தாத வண்டியின் உரிமை மாற்றம் சோதனையிலேயே சிக்கிக்கொள்ளலாம். அதைவிட மோசமான இடம் விபத்து: காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீட்டையே மறுக்கக் காரணமாகிவிடும்.

அதே கிராண்ட்டில் வெற்று எடையும் இருக்கும். மலாயில் பிடிஎம் என்று குறிப்பிடுவார்கள். சாதாரண கார் ஓட்டும் டி வகை லைசென்ஸ் 3,500 கிலோ வெற்று எடை வரைதான் செல்லும். பெரிய லோரி சேஸி வண்டியை வாங்கிவிட்டு, பிறகு ஐம்பத்தைந்து வயதில் இ வகை லைசென்சுக்கு வகுப்புக்குப் போனவர்களின் கதை கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அப்படி இருக்காது.

ஜொகூர்வாசிகளுக்கு மட்டும் உரிய ஒரு சபலமும் உண்டு. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் வாகனத்திற்குப் பத்தாண்டு உரிமச் சான்றிதழ் முறை இருக்கிறது. பத்தாண்டு முடிந்த நல்ல வேன் அங்கே அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்து, "இங்கே கொண்டு வந்து பதிந்துவிடலாம்" என்று காதில் ஓதும் தரகர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் பயன்படுத்திய வாகனத்தை இறக்குமதி செய்ய ஏ.பி. எனும் அனுமதி வேண்டும்; ரீகண்டிஷன் வாகனங்களுக்கு வயது வரம்பு ஐந்தாண்டு. பத்தாண்டு வண்டி அந்த வாசலில் நுழையாது. எனவே, பழைய மோட்டார் ஹோம் என்றால் ஏற்கெனவே மலேசியாவில் பதிவாகியிருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஒட்டுமொத்தக் குடும்பத்தோடு பாலம் கடந்து சிங்கப்பூர் போகலாம் என்ற கனவும் வேண்டாம். வெளிநாட்டு மோட்டார் ஹோம்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

மழைக்கு மறுநாள் பார்க்க வேண்டும்

இனி தண்ணீர். மோட்டார் ஹோமின் கூடு, கார் போல் ஒரே இரும்புத் தகடாக அழுத்திச் செய்ததன்று. பழைய வண்டிகளில் பெரும்பாலும் மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவூட் என்று அடுக்கி ஒட்டியிருப்பார்கள். கூரையின் விளிம்பு, சன்னல் ஓரம், காற்றுப்போக்கி, விளக்கு என ஒவ்வோர் இணைப்பிலும் பசை பூசியிருக்கும். ஜொகூர் வெயிலில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கிறது. பிறகு வருகிறது வடகிழக்குப் பருவமழை. ஊசி முனை அளவு வெடிப்பில் இறங்கும் நீர் வெளியே தெரியாமல் மரச்சட்டத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அதை உளுக்கச் செய்கிறது. உள்ளே வால்பேப்பர் புதிதாகப் பளபளக்கும். பின்னால் மரம் மாவாகியிருக்கும். அதைச் சரிசெய்ய உள் அலங்காரம் முழுவதையும் பெயர்க்க வேண்டும். சில வண்டிகளில் அந்தச் செலவு வாங்கிய விலையைப் பிடித்துவிடும்.

கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை, கட்டை விரல் போதும். கூரை மூலைகள், சன்னலின் கீழ் மூலைகள், மேல் படுக்கையின் அடிப்பக்கம், அலமாரிகளின் உட்சுவர் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று உள்ளே போனால் அங்கே மரம் இல்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்றும் உளுத்த இடத்தில் மொத்தென்றும் ஒலி மாறும். கூரை ஓரத்தில் புதுப் பசை தடிமனாகக் கோடு கோடாக அப்பியிருந்தால், அது எப்போது, எதற்காகப் பூசப்பட்டது என்று கேட்கலாம். கதவைத் திறந்ததும் வாசனைத் திரவிய மணம் ஆளைத் தூக்கினால், அது எதை மறைக்கிறது என்று யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட நல்ல வழி, கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாள் காலை சொல்லாமல் போய்ப் பார்ப்பது. விற்பவர் சொல்லாததை அன்று வண்டியே சொல்லும்.

மழையாவது மேலிருந்து இறங்குவது. வெள்ளம் கீழிருந்து ஏறுவது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் பகுதிகள் மூழ்கியதை ஜொகூர் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் மீண்டும் நீரில் தவித்தன. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் வாகனங்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்த படங்களைப் பார்க்காதவர் இல்லை. அப்படி மூழ்கியவற்றில் சில, கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்துவிடுகின்றன. இருக்கை வாரை முழு நீளத்திற்கும் இழுத்துப் பாருங்கள்; அடிப்பகுதியில் கறைக்கோடு இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகள் மட்டும் துருவேறி இருக்கின்றனவா? மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? இருபதாண்டு வண்டியில் தரைவிரிப்பு மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருக்கிறதா? சாதாரண வேனுக்கு வெள்ளம் ஒரு நோய் என்றால், பம்பும் பேட்டரியும் வயரிங்கும் தரைமட்டத்தில் உள்ள மோட்டார் ஹோமுக்கு அது பக்கவாதம்.

மின்சாரம், கேஸ், டயர்

ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் வெளியிலிருந்து மின்சாரம் இழுக்கும் அமைப்பு 100 வோல்ட்டுக்கானது. மலேசிய வீட்டு மின்சாரமோ 240 வோல்ட். இடையில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று கேட்காமல் சுவரில் செருகினால் உள்ளே இருக்கும் சாதனங்கள் கருகும். இரவில் குளிர்சாதனம் ஓடும் என்று விற்பவர் சொன்னால் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண பேட்டரியில் மொத்தம் 1,200 வாட்-மணி சக்தி. அதில் பாதியைத்தான் சேதமின்றிப் பயன்படுத்தலாம். 20 வாட் மின்விசிறி என்றால் முப்பது மணி நேரம் சுழலும். 750 வாட் குளிர்சாதனம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மெர்சிங் கடற்கரையில் நள்ளிரவு இதைக் கண்டுபிடிப்பதைவிட வீட்டு வாசலில் கண்டுபிடிப்பது நல்லது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே சிலிண்டர் அறையின் அடியில் காற்று வெளியேறும் துளை இருக்க வேண்டும், ரப்பர் குழாயை வாங்கிய அன்றே மாற்றிவிட வேண்டும். டயரில் பூவைப் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டார் ஹோம் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையில் வெடிக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2317 என்றிருந்தால் அது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

"அதிகம் ஓடவே இல்லை" என்பதும் நற்சான்றிதழ் ஆகாது. 2019 முதல் மலேசியாவில் விற்கப்படும் டீசலில் பெரும்பாலானவற்றில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் டீசல் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டாங்கியில் நீர் சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், குளிர்ந்த நிலையில் முடுக்கிப் புகையின் நிறத்தைப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். பல டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு எத்தனை இரவு?

மாசாய்க்காரரின் எண்பதாயிரம் வெள்ளிக்கு வருவோம். ஐந்தாண்டு வைத்திருந்து ஐம்பதாயிரத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொண்டால், மதிப்பிழப்பு ஆண்டுக்கு 6,000 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, டயர், பழுது என ஒரு 5,000. இத்துடன் பலர் சேர்க்க மறக்கும் ஒரு தொகை உண்டு. சேமநிதி வாரியம் 2023ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு வழங்கியது. அந்த விகிதத்தில் எண்பதாயிரம் வெள்ளி ஆண்டுக்கு 4,400 வெள்ளி ஈட்டியிருக்கும். மொத்தம் 15,400. ஆண்டுக்கு இருபது இரவு வண்டியில் தங்கினால் ஓர் இரவுக்கு 770 வெள்ளி. அறுபது இரவு தங்கினால் 257 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. டீசல் தனி. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி ஜொகூர் பாருவிலிருந்து பினாங்கு போய்வர ஏறக்குறைய 165 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 355 வெள்ளி, அன்றைய புதிய விலையில் 553 வெள்ளி.

ஆண்டில் இரண்டு பள்ளி விடுமுறை, ஒரு தைப்பூசம் என்று மட்டும் போகிறவருக்கு வாடகை வண்டியே கட்டுப்படியாகும். மகன் சொல்வது அந்த இடத்தில் சரி. மாதம் ஒரு வாரம் ஊர் சுற்றும் உடலும் மனமும் கணவன், மனைவி இருவருக்கும் இருந்தால் கணக்குத் திரும்புகிறது. எப்படியிருந்தாலும் முதலில் ஒரு முறை வாடகைக்கு எடுத்து மூன்று இரவு தங்கிப் பார்ப்பது நல்லது. நடு இரவில் மேல் படுக்கையிலிருந்து ஏணி வழியாக இறங்கும்போது முழங்கால் தன் கருத்தைச் சொல்லிவிடும்.

வாங்குவது என்று முடிவானால், யாரிடம் வாங்குகிறார் என்பது முக்கியம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்பவரைக் கட்டுப்படுத்துகிறது. வாகன வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர், ஐந்து வெள்ளி கட்டணம் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலேயே மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்றாண்டுக்குள் மனு செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கோரிக்கை வரம்பு 25,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. வாகன வியாபாரம் செய்யாத தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்தக் கதவு திறக்காது. அவர் நீதிமன்றம்தான் போக வேண்டும். அதனால் தனிநபரிடம் வாங்கும்போது முன்பணத்தை ரசீதில் எழுதி வாங்கி, வண்டி மீது வங்கிக் கடனோ தீராத சம்மனோ இல்லையென உறுதி செய்துகொண்டு, உரிமை மாற்றத்திற்கான பி5 சோதனையில் வண்டி தேறிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். அந்தச் சோதனை வண்டியின் அடையாளத்தையும் சட்டத்திற்கு உட்பட்ட நிலையையும் பார்ப்பது. கூரையில் மரம் உளுத்திருக்கிறதா என்று அங்கே யாரும் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதில்லை.