படபடப்பைத் தணிக்கும் நரம்பு

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்துகிறார்கள். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கின்றனர். தாய்க்கோ நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கைகள் வியர்க்கின்றன. யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் உடல் ஓடத் தயாராகிறது. "இன்னும் என்ன பயம்?" என்று அயலவர்கள் கேட்பார்கள். இது கோழைத்தனம் அல்ல சகோதரிகளே, நரம்புகளின் வேலை.

எமது விருப்பத்தைக் கேளாமலே இதயம், நுரையீரல், குடல் முதலியவற்றை இயக்குவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. இதில் பரிவு நரம்புகள் ஆபத்தின்போது உடலை முடுக்கிவிடுகின்றன. பரபரிவு நரம்புகள் ஆபத்து நீங்கியதும் உடலை அமைதிக்குத் திருப்புகின்றன. வாகனத்தில் பிறேக் இருப்பது போலத்தான் இது.

பரபரிவு நரம்புகள் மூளையின் அடித்தண்டிலிருந்தும் முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. மூளையிலிருந்து வரும் 12 சோடி நரம்புகளில் நான்கு இப்பணியைச் செய்கின்றன. 3ஆவது சோடி கண்மணியைச் சுருக்கும். 7ஆவது கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கச் செய்யும். 9ஆவது காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை இயக்கும். கீழிருந்து வருபவை சிறுநீர், மலம் கழிய உதவும்.

10ஆவது சோடியே மிக நீண்டது. வேகசு நரம்பு என்பது அதன் பெயர்; இலத்தீனில் "அலைந்து திரிவது" என்று பொருள். கழுத்தின் இருபுறமும் இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை செல்கிறது. இது இழுத்துப் பிடிக்காவிட்டால் ஓய்வாக இருக்கும்போதும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். இந்த நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை 1921இல் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி தவளையின் இதயத்தைக் கொண்டு கண்டறிந்தார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நரம்புக்கு நாம் நேரே கட்டளையிட முடியாது. ஆனால் மூச்சு எம் வசத்தில் உள்ளது. மூச்சை வெளிவிடும்போது வேகசு நரம்பின் செயற்பாடு கூடி, இதயத்துடிப்புச் சற்றுக் குறைகிறது. எனவே படபடப்பு வரும்போது வசதியாக அமருங்கள். 4 எண்ணும்வரை மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, 6 எண்ணும்வரை வெளிவிடுங்கள். சில நிமிடங்கள் தொடருங்கள். கண்களை மூடப் பயமாக இருந்தால் திறந்தே வைத்திருக்கலாம். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

இது முழுமையான மருந்தல்ல. நெஞ்சுநோ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நித்திரையின்மை, பயங்கரக் கனவு, பதகளிப்பு ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். அங்கு போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. எத்தனையோ இரவுகள் எம்மைக் காப்பாற்ற ஓடிய உடல் இது. இளைப்பாறவும் அதற்கு உதவுவோம்.