ஸ்டிக்கர் ஒட்டிய லொறியும் இரட்டைக் கட்டணமும்

சென்ற வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தேநீர்க் கடையில் லொறிக்கார நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நுவரெலியாவிலிருந்து இரவோடிரவாக லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு போய் பேலியகொடை மெனிங் சந்தையில் இறக்குகிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"நானா, அதிவேகப் பாதையில நின்டு காசு எண்ணிக் குடுக்குற வேலையெல்லாம் போகணும். இந்தியாவில மாதிரி கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர ஒட்டினா காசு தானாக் கழியணும். நீங்கதான் அங்க போய் வாறீங்களே, அதப் பத்தி ஒருக்கா எழுதுங்க" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் எதிர்பார்க்கிற மாதிரி எழுத முடியுமா என்பதுதான் சந்தேகம்.

மலைநாட்டு வியாபாரிக்கும் டோலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கும் வரை நாம் யாருக்கும் ஒரு சதம் கட்டுவதில்லை. வளைவும் மூடுபனியும் மண்சரிவும்தான் அந்த வழியில் நாம் கட்டும் வரி. ஆனால் கடுவலையில் வெளிச்சுற்று அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டி வழியாக பேலியகொடையிலோ கட்டுநாயக்கவிலோ இறங்குகிறவர்கள் இப்போது நம்மில் அதிகம். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை நாட்டின் முதலாவது அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. 2013இல் கட்டுநாயக்க பாதையும், 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையிலான பகுதியும் திறக்கப்பட்டன. சீட்டெடுத்து ஏறுவதும் இறங்குமிடத்தில் காசு கொடுப்பதும்தான் நமக்குப் பழக்கம். 2025இல் வங்கி அட்டையாலும் செலுத்தலாம் என்றார்கள். முழுக்க இலத்திரனியல் முறைக்குப் போகவேண்டும் என்ற பேச்சும் நீண்ட காலமாக இருக்கிறது. ஆகவே இது நம் வாசலுக்கு வருகிற விடயம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் நோன்புப் பெருநாள் சரக்கு வாங்க ஈரோட்டுக்குப் போயிருந்தேன். சாரம், பெட்ஷீட், துவாய் எல்லாம் அங்கே மொத்த விலைக்கு எடுத்து, தூத்துக்குடிக்கு அனுப்பிக் கப்பலில் ஏற்றுவது வழக்கம். அந்த முறை சரக்கு கொஞ்சம்தான். அங்கே 'குட்டி யானை' என்று சொல்லும் சின்ன லொறியொன்றை வாடகைக்குப் பிடித்து, நானும் சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கரூர், திண்டுக்கல், மதுரை என்று போகும் வழியெங்கும் சுங்கச்சாவடிகள். சாவடிக்குச் சாவடி கம்பம் தானாக எழும்பியது. லொறி நிற்கவே இல்லை. நம் நாட்டிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நல்லம் என்று சாரதித் தம்பியிடம் நானே சொன்னேன்.

வாய் மூடவில்லை, அடுத்த சாவடியில் கம்பம் எழும்பவில்லை. சாவடிப் பையன் கையில் பிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து கண்ணாடியில் காட்டிப் பார்த்தான். "ஸ்டிக்கர் ரீட் ஆகலண்ணே. ரெண்டு மடங்கு கேஷ் கட்டுங்க, இல்லன்னா வண்டிய ஓரங்கட்டுங்க" என்றான். சாரதி கைத்தொலைபேசியைத் திறந்து கணக்கில் பணம் இருப்பதைக் காட்டினான். "பாய், நீங்களே பாருங்க, பேலன்ஸ் இருக்கு. இப்பத்தானே போன டோல்ல எடுத்தான்" என்று என்னைச் சாட்சிக்கு அழைத்தான். பின்னால் பத்துப் பதினைந்து வாகனங்கள் ஹோர்ன் அடிக்கின்றன. தூத்துக்குடியில் கப்பல் முகவரின் களஞ்சியம் ஐந்து மணிக்கு மூடிவிடும். பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒற்றைக் கட்டணமே நூற்றுச் சொச்சம். இரட்டையாக என் கையிலிருந்து கொடுத்தேன். ஒரு சின்னச் சீட்டுத் தந்தான்.

அன்றிரவு சாரதியின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. அதே சாவடி, அதே நேரம், ஸ்டிக்கர் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை கடந்ததற்கு மூன்று கட்டணம்.

சொச்சப் பணம்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் நான் கடைக்காரன். கணக்கு பொருந்தாவிட்டால் தூக்கம் வராது. 1033 என்ற உதவி இலக்கம் இருக்கிறது என்றார்கள். சாரதி பேசினான். ஸ்டிக்கர் கொடுத்த வங்கியிடம் முறையிடச் சொன்னார்களாம். வங்கிக் கணக்கு லொறி முதலாளியின் பெயரில். பணம் திரும்பி வந்தாலும் அவர் கணக்குக்குத்தான் வரும், காசு கொடுத்த என் கைக்கு வராது. அவரோ வாடகைச் சிட்டையில் ஸ்டிக்கரில் கழிந்த அத்தனை டோலையும் சேர்த்தே என்னிடம் வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய கணக்கில் அது கழிந்ததுதான். "பேங்க்ல திருப்பிப் போட்டா உங்களுக்கு அனுப்புறேன் பாய்" என்றார். சில வாரங்கள் கழித்து, சாவடிச் சீட்டின் படம் வேண்டுமென்று வங்கி கேட்பதாகத் தகவல் அனுப்பினார். கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அது வழுவழுப்பான தாளில் அச்சாகும் சீட்டு. எழுத்து மங்கி, எந்தச் சாவடி என்பதே தெரியவில்லை. அத்தோடு முடிந்தது.

இதில் எனக்குக் கோபம் வந்தது பிறகு ஒரு விடயம் தெரிந்தபோதுதான். இந்திய அரசு 2018ஆம் ஆண்டு மே மாதத்திலேயே சட்டவிதியைத் திருத்தியிருக்கிறது. செல்லுபடியாகும் ஸ்டிக்கரும் போதிய பணமும் உள்ள வாகனத்திலிருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் கட்டணம் எடுக்க முடியாமற் போனால், அந்த வாகனத்தை இலவசமாக விடவேண்டும். பூச்சியத் தொகைக்கு ஒரு சீட்டும் கொடுக்கவேண்டும். விதி அவ்வளவு தெளிவு. ஆனால் கோளாறு கருவியிலா ஸ்டிக்கரிலா என்று தீர்ப்புச் சொல்வது யார்? காசு வாங்குகிற அதே சாவடிதான். எதிராளியே நீதவானாக இருக்கும் வழக்கில் என்ன தீர்ப்பு வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பாஸ்டேக் என்ற இந்த முறை 2014இல் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்குள் மின்கலம் கிடையாது. மேலேயுள்ள கருவி அனுப்பும் அலையை வாங்கி அதன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். அந்த இலக்கத்தோடு இணைந்த கணக்கிலிருந்து பணம் கழியும். 2021 பெப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து கட்டாயமாக்கினார்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலோ வேலை செய்யாவிட்டாலோ இரட்டைக் கட்டணம். நன்மை இல்லையென்று சொல்லமாட்டேன். வரிசை வெகுவாகக் குறைந்தது. லொறி முதலாளிகளுக்கு எந்தச் சாவடியை எத்தனை மணிக்கு வாகனம் கடந்தது என்ற கணக்கு கைக்கு வந்தது. சாரதி கொண்டுவரும் சீட்டை நம்பியிருந்த காலம் போயிற்று. அது எத்தனை பெரிய நிம்மதி என்பது நம் லொறிக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் எரிச்சலும் அதே வேகத்தில் வளர்ந்தது. நான் போன அந்த நாட்களிலேயே இரண்டு குழப்பங்கள். வாடிக்கையாளர் விபரங்களைப் புதுப்பிக்காத ஸ்டிக்கர்கள் செயலிழக்கும் என்று அறிவித்துவிட்டு, தவணையை மாதாமாதம் தள்ளிப்போட்டார்கள். அதே நேரம் 2024 ஜனவரி 31இல் பேடிஎம் பேமண்ட்ஸ் வங்கியின் சேவைகளுக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மார்ச் 15க்குப் பின் அந்த ஸ்டிக்கர்களில் புதிதாகப் பணம் போட முடியாமற் போனது. பாதைக்குக் கட்டணம் கட்ட ஒட்டிய ஸ்டிக்கர், எங்கேயோ நடந்த வங்கிப் பிரச்சினையால் காலாவதியாவதை எந்தச் சாரதி எதிர்பார்த்திருப்பான்?

மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தை ஒட்டிக் கப்பலூர் சாவடி இருக்கிறது. ஊருக்கு இத்தனை அருகில் சாவடி கூடாது என்று அந்த மக்கள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களிடமும் கட்டணம் கேட்டபோது வியாபாரிகளும் சேர்ந்தே எதிர்ப்பில் இறங்கினார்கள். சாமான் வாங்கப் பக்கத்து ஊருக்குப் போய் வருகிறவனும் நெடுந்தூரம் போகிறவனும் ஒன்றா? சாவடியில் நிற்கும் பையனுக்கு ஊர்க்காரனின் முகம் தெரியும், தலையசைத்து விடுவான். கருவிக்கு முகம் தெரியாது.

2025 நவம்பர் 15 முதல் இரட்டைக் கட்டணத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் பழுதானவர் யூபிஐ மூலம் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு, காசாகக் கொடுத்தால் முன்போலவே இரண்டு மடங்கு. இலத்திரனியல் முறையில் கட்டத் தயாராக இருப்பவனையும் தண்டித்தது பிழை என்று உணர நாலரை வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

இது இந்தியாவின் கதை மட்டுமல்ல. மலேசியாவில் 1997 முதல் அட்டையை வைத்துக் கடந்து பழகியவர்களுக்கு, 2022 ஜனவரி 15இல் பிளஸ் நெடுஞ்சாலையில் ஸ்டிக்கர் வழியைத் திறந்தார்கள். ஸ்டிக்கரின் விலை 35 ரிங்கிட். ஏற்கெனவே இருந்த வழிகளைக் குறைத்து அதற்குக் கொடுத்ததால் மற்ற வழிகளில் வரிசை நீண்டு, சனங்கள் கொதித்துப்போனார்கள். சிங்கப்பூரில் 1998இல் வந்த முறை ஓரளவு தப்பியது. வாகனத்துக்குள்ளேயே ஒரு கருவி, கழியும் தொகையை அந்த நொடியே காட்டிவிடும். இரவில் தொலைபேசிக்கு வரும் செய்திக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் தென்னாபிரிக்காவில். ஜோஹன்னஸ்பேர்க், பிரிட்டோரியா நகரங்களைச் சுற்றியுள்ள பாதைகளில் 2013 டிசம்பர் 3இல் இ-டோல் ஆரம்பித்தது. சாவடியே கிடையாது. மேலே வளைவுகளில் கமரா, பிறகு வீட்டுக்குச் சிட்டை. எரிபொருளிலேயே வரி கட்டுகிறோம், இதற்கு மேல் எதற்கு, எங்களிடம் கேட்டீர்களா என்று மக்கள் கட்ட மறுத்துவிட்டார்கள். அரசு கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது, பழைய நிலுவைக்குக் கழிவு தருகிறேன் என்றது. அசையவில்லை. 2024 ஏப்ரல் 11 நள்ளிரவில் முறையையே மூடினார்கள். நம் பாஷையில் சொன்னால், கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுப் பத்து வருடம் பாக்கி கேட்டு நடந்து, கடைசியில் கொப்பியைக் கிழித்துப் போட்ட கதை.

நம் லொறிக்கார நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஸ்டிக்கரைக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியவுடன் நம் பணம் முற்கூட்டியே வேறொருவரிடம் அமானிதமாகப் போய்ச் சேருகிறது. அமானிதம் வைப்பவன் சில கேள்விகளை முதலிலேயே கேட்கவேண்டும். கருவி படிக்காவிட்டால் வாகனம் போகலாமா, நிற்கவேண்டுமா? இரண்டு முறை கழிந்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், யாருக்குத் தருவார்கள்? வாடகை லொறியில் சரக்கு ஏற்றுகிறவன் கொடுத்த காசுக்கு ஆதாரம் என்ன? தமிழிலும் சிங்களத்திலும் பேசி முறைப்பாட்டை எடுக்க இரவு இரண்டு மணிக்கு ஒரு மனிதர் இருப்பாரா? மரக்கறி லொறி கடுவலையைக் கடப்பது அந்த நேரத்தில்தான். அங்கே ஒரு மணித்தியாலம் நின்றால் சந்தையில் விலை இறங்கிவிடும். அந்த நட்டத்தை எந்த வங்கியும் கணக்கில் எடுக்காது.

இந்தக் கேள்விகளை முறை வந்த பிறகு கேட்டுப் பலனில்லை. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன், நம் வர்த்தக சங்கங்கள் நெடுஞ்சாலை அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கவேண்டும். மாதாந்தக் கூட்டத்தில் பேசுவோம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை சாவடிச் சீட்டு எது கிடைத்தாலும் அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

நோன்பு காலத்தில் ஈரோட்டுக்கு மறுபடியும் போகிறேன், இன்ஷா அல்லாஹ். லொறி முதலாளிக்கும் சொல்லியாயிற்று. வாடகை பேசும்போதே டோல் அவருடைய பொறுப்பு, இரட்டையானாலும் மூன்றானாலும்.