மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் ஏன் ஏறுகிறது?

ஒருவர் பத்து ஆண்டுகளாக மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டி வருகிறார். இந்தப் பத்து ஆண்டுகளில் அவர் வீட்டில் யாரும் மருத்துவமனையில் சேர்ந்ததில்லை. ஆனாலும் இந்த ஆண்டு வந்த அறிவிப்பில் கட்டணம் கூடியிருக்கிறது. "வாங்கியது ஒன்றுமில்லை, கட்டுவது மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே! பேசாமல் நிறுத்திவிடலாமா?" என்று அவர் கேட்கிறார். நம்மில் பலருக்கும் இதே ஐயம் உண்டு. இதற்கு விடை காணவேண்டுமானால், காப்பீடு எந்தக் கணக்கின்மேல் நிற்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

சீட்டு வேறு, காப்பீடு வேறு

சீட்டுக் கட்டினால் ஒரு நாள் பணம் நம் கைக்கு வந்து சேரும். காப்பீடு அப்படிப்பட்டதன்று. 10,000 குடும்பங்கள் ஒன்று சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் இருபதில் ஒரு குடும்பத்துக்கு மருத்துவமனைச் செலவு நேர்கிறது. செலவு 60,000 ரூபாய். எந்தக் குடும்பத்துக்கு நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 500 குடும்பங்களுக்கு நேரும் என்று சொல்லிவிடலாம். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டால் அந்த 500 குடும்பங்களின் செலவும் அடைந்துவிடும். நிருவாகச் செலவையும் ஆதாயத்தையும் இதனுடன் சேர்த்தால், அதுவே பிரீமியம் எனப்படும் கட்டணம்.

கூட்டம் ஏன் பெரிதாக இருக்கவேண்டும்? 100 குடும்பங்கள் மட்டும் சேர்ந்தால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5. ஆனால் அது 3 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். 7 ஆனால் திரட்டிய பணம் போதாது. 10,000 குடும்பங்களில் எதிர்பார்க்கும் 500 என்ற எண், பெரும்பாலும் இருபது, முப்பதுக்கு மேல் கூடுவதோ குறைவதோ இல்லை. கூட்டம் பெருகப் பெருகச் சராசரி நிலைபெறுகிறது. ஸ்விட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி இதை நிறுவிக் காட்டினார். அவர் இறந்தபின் 1713-இல் வெளிவந்த நூலில் இவ்விதி இடம்பெற்றது. உலகிலுள்ள எல்லாக் காப்பீடுகளுக்கும் இதுவே அடித்தளம்.

ஆகவே, பத்து ஆண்டுகள் பணம் கட்டியும் ஒன்றும் திரும்பவில்லை என்பது இழப்பாகாது. அப்பத்து ஆண்டுகளும் நாம் நோயின்றி இருந்தோம் என்பதே அதன் பொருள்.

கட்டணம் ஏறுவது எதனால்?

முதற் காரணம் வயது. இருபத்தைந்து வயதில் மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பைவிட அறுபத்தைந்து வயதில் அவ்வாய்ப்பு மிகவும் அதிகம். நாம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயது ஏறுகிறோம். கட்டணமும் உடன் ஏறுகிறது.

இரண்டாவது, சிகிச்சைச் செலவின் உயர்வு. புதிய கருவிகளும் புதிய மருந்துகளும் உயிர்களைக் காக்கின்றன. விலையும் கூடுதலாக இருக்கின்றன. ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் செலவு ஏறுமானால் ஆறு ஆண்டுகளில் அது இரட்டிப்பாகிவிடும். கூட்டு வட்டிக் கணக்குத் தெரிந்த மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது காரணம் பலர் அறியாதது. 1,000 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். இளையோர் 500 பேருக்குச் சராசரிச் செலவு ஆளுக்கு 2,000 ரூபாய்; முதியோர் 500 பேருக்கு 8,000 ரூபாய். எல்லாரிடமும் ஒரே கட்டணம் வாங்கினால் அது 5,000 ரூபாயாகும். "நமக்கு இவ்வளவு எதற்கு?" என்று இளையோரில் பாதிப்பேர் விலகிவிட்டால், எஞ்சிய 750 பேருக்கும் கட்டணம் 6,000 ரூபாயாகிறது. இதைக் கண்டு மீதி இளையோரும் விலகினால் 8,000 ரூபாய்! இதற்கிடையில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. எந்த மருந்தின் விலையும் ஏறவில்லை. நலமுள்ளவர்கள் வெளியேறியதே கட்டணத்தை ஏற்றிவிட்டது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1995-இல் ஊழியர்களின் காப்பீட்டு முறையை மாற்றியது. பல திட்டங்களில் எதைத் தேர்ந்தாலும் பல்கலைக்கழகம் தரும் பங்கு ஒன்றே; கூடுதல் செலவை ஊழியரே ஏற்கவேண்டும். வசதி மிகுந்த திட்டத்திலிருந்து இளையோரும் நலமுள்ளோரும் விலகினர். அதன் கட்டணம் ஏறியது. மேலும் பலர் விலகினர். சில ஆண்டுகளில் அத்திட்டத்தையே கைவிட நேர்ந்தது. பொருளியலார் இதற்குச் 'சாவுச் சுழல்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கட்டணத்தோடு வரியும் சேர்ந்திருந்ததை நாம் அறிவோம். நம் நாட்டில் தனிநபர், குடும்பக் காப்பீடுகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இது நல்லதே. ஆனால் வரி ஒருமுறைதான் நீங்கும். வயதும் சிகிச்சைச் செலவும் ஆண்டுதோறும் ஏறும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

கட்டணம் ஏறுகிறதென்று காப்பீட்டைக் கைவிடுவது ஆபத்தானது. ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்க ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அதிகம் போனால் 3 ஆண்டுகள். விட்டுவிட்டு மீண்டும் சேர்ந்தால் அக்காலம் முதலிலிருந்து தொடங்கும். மேலும், இடைவிடாமல் 5 ஆண்டுகள் கட்டியபின், மோசடி தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதற்குள் நீரிழிவோ இதய நோயோ வந்திருந்தால் புதிய காப்பீடு கிடைப்பதே அரிதாகலாம்.

பின் என்னதான் செய்வது? சிறு செலவை நாமே ஏற்று, பெருஞ் செலவை மட்டும் கூட்டத்தோடு பகிர்ந்துகொள்வது ஒரு வழி.

சிறியது நமக்கு, பெரியது கூட்டத்துக்கு

வேறொரு கணக்கைப் பார்ப்போம். 1,000 குடும்பங்களில் 45 குடும்பங்களுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய்ச் செலவு. 5 குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 லட்சம். மொத்தம் 47.5 லட்சம், குடும்பத்துக்கு 4,750 ரூபாய் வீதம் விழும். இப்போது ஒவ்வொருவரும் "முதல் 50,000 ரூபாயை நானே ஏற்கிறேன்" என்று சொன்னால், நிறுவனம் கொடுக்கவேண்டியது 22.5 லட்சம் மட்டுமே. கட்டணம் 2,250 ரூபாயாக, பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வீட்டை விற்கவைக்கும் 5 லட்சச் செலவிலிருந்து பாதுகாப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மிச்சமான 2,500 ரூபாய்க்கு ஈடான ஆபத்து நம் தலையில்தான் இருக்கிறது. ஆகவே அந்த 50,000 ரூபாயை அவசரத்துக்கெனத் தனியே வைத்திருக்க முடிந்தவர்களுக்கே இம்முறை ஏற்றது.

இவ்வாறு நாம் ஏற்கும் தொகையை நிறுவனங்கள் 'டிடக்டிபிள்' என்கின்றன. இம்முறையில் அமைந்தவையே டாப்-அப், சூப்பர் டாப்-அப் காப்பீடுகள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். நாம் ஏற்கும் தொகை 3 லட்சம் என்க. ஒரே ஆண்டில் இருமுறை, முறைக்கு 2 லட்சம் செலவாகிறது. டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே பார்ப்பதால் ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவாகிய 4 லட்சத்தைப் பார்ப்பதால் 1 லட்சம் தரும்.

ஓர் எச்சரிக்கை

கையிலிருந்து பணம் போகிறது என்றால் மனிதன் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறான். இதை அமெரிக்காவின் ராண்டு நிறுவனம் 1974 முதல் 1982 வரை, 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு சோதித்தது. செலவில் பங்கேற்க வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டனர். சராசரியாகப் பார்த்தால் அவர்கள் உடல்நலம் பெரிதும் கெடவில்லை. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் சேர்த்தே குறைத்தனர். இரத்த அழுத்தமுள்ள ஏழைகளில், இலவசச் சிகிச்சை பெற்றவர்களுக்கே அழுத்தம் நன்கு கட்டுப்பட்டிருந்தது. ஆகவே கட்டணத்தில் மிச்சம் பிடிப்போர், இரத்த அழுத்தச் சோதனையிலும் சர்க்கரைச் சோதனையிலும் மிச்சம் பிடிக்கலாகாது.

மேலும் சில வழிகள்

காப்பீட்டில் அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பிருக்க 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையோடு மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை நிறுவனம் வெட்டிவிடலாம். வரம்புக்குள் அறை எடுப்பதே பெரிய மிச்சம்.

நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். 2011 முதல் இந்தியாவில் இவ்வுரிமை உண்டு. கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனால் புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். முதியோர் இன்னொன்றையும் அறிந்திருக்கட்டும். ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் அவர்களின் கட்டணத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் ஆணை பிறந்தது.

தமிழ்நாட்டில் வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. தகுதியுள்ளவர்கள் நோய் வந்தபின் ஓடாமல், நலமாக இருக்கும்போதே அட்டை பெற்றுக்கொள்வது நல்லது.

தொடக்கத்தில் கண்ட அந்த நண்பருக்கு இப்போது நாம் விடை சொல்லலாம். அவர் கட்டிய பணம் வீணாகவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவரின் படுக்கையருகே அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் முறை வரும்போது மற்றவர்களின் பணம் அவரிடம் வரும். கட்டணம் கனக்குமானால் தாம் ஏற்கும் பங்கை அவர் கூட்டிக்கொள்ளட்டும். கூட்டத்தைவிட்டு மட்டும் விலகவேண்டாம்.