வாசலில் தொங்கிய நோட்டு

1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்பு மட்டும் பிரியவில்லை. பாறசாலையில் வீடு, களியக்காவிளையில் வேலை. களியக்காவிளையில் வீடு, நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் வேலை என்பது நம்மவரிடையே சாதாரணம்.

2020-இல் கொரோனா வந்தபோது கடை வாசலில் நோட்டும் பேனாவும் வைத்தார்கள். வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதினால் போதும். வேலை செய்கிறவரிடமோ சில இடங்களில் உடல்வெப்பம், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதையும் தினமும் கேட்டு எழுதினார்கள். அடுத்து கையெழுத்திடுபவர் கண்ணில் அது படாமலிருக்குமா? அவ்வாண்டு ஜூலை 17 அன்று பூந்துறையிலும், நம் தாலுகாவின் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதன்பின், நலமாயிருப்பவரையும் ஒதுக்கி வைக்க முகவரியில் ஊர்ப்பெயரே போதுமானதாயிற்று.

முதலாளி எதுவும் கேட்கக் கூடாதா? கேட்கலாம். இன்று வேலைக்கு வரலாமா, கூடாதா என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. ஒருவருக்குத் தொற்று என்றால், உடன் நின்றவர்களைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னால் போதும். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. (மூன்றே பேர் உள்ள கடையில் ஆளை எப்படியும் ஊகித்துவிடுவார்கள், அது வேறு சங்கடம்.) சர்க்கரை நோய், கர்ப்பம் இவற்றையெல்லாம் சேர்த்து எழுத நியாயமே இல்லை.

நோயாளர் விவரங்களை ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வழியாகக் கேரள அரசு தொகுத்த வழக்கில், 2020 ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே நிறுவனம் விவரங்களைப் பார்க்கலாம். மக்களிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றது. அரசுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் கடைக்கு எவ்வளவு வேண்டும்!

ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் அந்த ஒரு நோய்க்கே உரியது. 2023-இன் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் கணினியிலும் கைப்பேசியிலும் ஏறிய விவரங்களுக்கு உரியது. வாசலில் தொங்கும் நோட்டு அதில் வராது. அதே பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் வரும்.

அந்த நோட்டுகள் எந்தக் கடை அலமாரியிலாவது இன்னும் கிடந்தால், முதலாளியிடம் சொல்லி எரித்துவிடச் செய்யுங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போட விடாதீர்கள். மறுநாள் அதில் வடை மடித்துத் தருவார்கள்.