கண் மட்டும் ஏன் அப்படி முழிக்குது?

“இது பொம்மையா, மனுசனாப்பா?” என்று அரைப் பரீட்சை லீவில் உன் மகள் கேட்டாள் பார், அதுதான் சரியான கேள்வி. அவள் பார்த்த ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படம் வந்தபோது அமெரிக்காவில் விமர்சகர்களே இதைத்தான் கேட்டார்கள். நியூட்ரினோ ஆய்வகப் பேச்சு கிளம்பியதிலிருந்து கண்ணுக்கே தெரியாத துகளைப் பற்றியெல்லாம் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு விவாதித்த ஊர் நம்ம பொட்டிப்புரம். கண்ணுக்குத் தெரிகிற படத்தைப் பேச நமக்கு என்ன கஷ்டம்? உட்கார் தம்பி.

போலார் எக்ஸ்பிரஸ் முதலில் ஒரு புத்தகம். மிச்சிகன் மாநிலத்துக்காரர் கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1985இல் எழுதி, படமும் தானே வரைந்தார். மறு வருஷமே, அங்கே சிறுவர் படப்புத்தகங்களுக்குத் தருகிற கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. கதை சின்னது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு பையன் வீட்டு முன்னால் ரயில் வந்து நிற்கிறது. ஏறி வடதுருவம் போகிறான். என்ன பரிசு வேண்டும் என்று கிறிஸ்துமஸ் தாத்தா சாண்டா கேட்டால், பனிமான் சேணத்தில் தொங்குகிற ஒரு மணி போதும் என்கிறான். அந்த மணிச்சத்தம் நம்புகிறவர்களுக்குத்தான் கேட்கும். அம்மா அப்பாவுக்குக் கேட்காது. உரக்க வாசித்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதை ராபர்ட் செமெக்கிஸ் 2004இல் நூறு நிமிஷப் படமாக்கினார். இழுத்ததால்தான் கதையில் இல்லாத துரத்தல், தண்டவாளச் சறுக்கல் எல்லாம் வந்து சேர்ந்தன. அது போகட்டும். புத்தகத்தில் இருந்த மெழுகுவண்ண ஓவியங்களின் மங்கலான வெளிச்சம் திரையிலும் வேண்டும், ஆனால் நடிகர்கள் நிஜமாகவே நடிக்கவும் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதற்குப் பிடித்த வழிதான் மோஷன் கேப்சர்.

மார்கழியில் உன் வீட்டு வாசலில் போடுகிற புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள். நடிகருக்கு உடம்பைப் பிடிக்கிற உடை மாட்டி, உடம்பிலும் முகத்திலும் ஒளியைத் திருப்பி அடிக்கிற சின்னச் சின்னப் பொட்டுகளை ஒட்டுகிறார்கள். முகத்தில் மட்டும் நூற்றுக்கு மேல். சுற்றி நிற்கிற கேமராக்கள் ஆளைப் படம் பிடிப்பதில்லை. ஒவ்வொரு நொடித்துளியிலும் எந்தப் பொட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்கின்றன. கணினிக்குள் போவது வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பிடித்து எலும்புக்கூடு, அதன் மேல் தசை, தோல், சட்டை, வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகப் போர்த்துகிறார்கள்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. புள்ளிகளின் மேல் யாரை வேண்டுமானாலும் போர்த்தலாம். டிக்கெட் பரிசோதகர், அப்பா, கூரை மேல் வருகிற நாடோடி, சாண்டா எல்லாம் நடிகர் டாம் ஹேங்க்ஸ் ஒருத்தரே. அந்தச் சின்னப் பையனின் அசைவுகூட அவருடையதுதான். குரல் மட்டும் வேறு ஒருவர்.

சரி, கண்? கருவிழியில் பொட்டு ஒட்ட முடியாதே. புள்ளி இல்லாத இடத்தில் இழை எப்படி ஓடும்? கண்ணசைவைக் கலைஞர்கள் கணினியில் கையால் சேர்த்தார்கள். நாம் பேசும்போது பார்வை ஓரிடத்தில் நிற்பதில்லை. துள்ளிக்கொண்டே இருக்கும், இமை துடிக்கும். அதில் இம்மி குறைந்தாலும் நமக்கு உறுத்தும். மிக்கி மவுஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை நாம் மனுசனோடு ஒப்பிடுவதே இல்லை. மனுசனை நெருங்க நெருங்கத்தான், மிச்சமிருக்கிற சின்னக் குறை பெரிதாகத் தெரிகிறது. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ அறிஞர் 1970லேயே இதை எழுதிவைத்தார். செமெக்கிஸும் பாடம் படித்திருக்கிறார்: அடுத்து எடுத்த ‘பேவுல்ஃப்’ படத்தில் கண்ணைச் சுற்றி மின்முனை ஒட்டி, விழி அசைவின் மின்துடிப்பைப் பதிந்தார்கள்.

நம்ம ஊரில் இதே வழியில் வந்ததுதான் சௌந்தர்யா ரஜினிகாந்த்தின் ‘கோச்சடையான்’, 2014 மே மாதம். 2009இல் மறைந்த நாகேஷைக்கூட அதில் கணினியில் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் அவர்களுக்கு வேலை ஹாலிவுட்டைவிடக் கஷ்டம். டாம் ஹேங்க்ஸின் பரிசோதகரை யாரும் முன்னே பார்த்ததில்லை. ரஜினியின் பார்வை வெட்டு எப்படி இருக்கும் என்பது கம்பம் தியேட்டரில் விசில் அடித்தவன் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஒரு இமை தாமதமானாலும் கண்டுபிடித்துவிடுவான்.

போலார் எக்ஸ்பிரஸில் யாரும் குறை சொல்ல முடியாத பாத்திரம் அந்த ரயில். இயந்திரத்துக்கு ஏது கண்? அது நிஜ எஞ்சினைப் பார்த்துச் செய்தது: பியர் மார்க்வெட் 1225, 1941இல் கட்டிய நீராவி எஞ்சின், இன்றும் மிச்சிகனில் ஓவாசோ ஊரில் இருக்கிறது. வான் ஆல்ஸ்பர்க் சிறுவனாக இருந்தபோது பார்த்த எஞ்சின் அது. எண்ணைக் கவனித்தாயா? 12, 25. அமெரிக்கக் கணக்கில் டிசம்பர் 25. அது தற்செயல்தான் என்றாலும் ரசிக்க வேண்டிய தற்செயல். படத்தில் வருகிற நீராவிச் சத்தம் அந்த எஞ்சினிலேயே பதிந்தது.

நம்ம போடிக்கு 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையில் திரும்பி வந்தது 2023 ஜூனில். உன் மகள் வயசுப் பிள்ளைகள் ரயிலை முதலில் பார்த்ததே திரையில்தான் இருக்கும். அதனால் மறுபடி பார்க்கும்போது செல்போனில் வேண்டாம். டிவியில் போட்டு, சத்தத்தைக் கூட்டி வை. அதற்கு முன்னால் புத்தகம் கிடைத்தால் வாங்கி, நீயே தமிழில் கதை சொல்லி ஒவ்வொரு பக்கமாகக் காட்டு. அந்த ஓவியப் பையனின் கண்ணைப் பற்றி அவள் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டால் வா, இன்னொரு டீ சொல்லுவோம்.